பதினெட்டாவது வாளி

நம் ஆய்வகத்து முன்கூடத்தில் உலோக அரிமான ஆய்வுப் பரிசு பெற்றவர்களின் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது. அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷத்துக்கு நேரே வடக்கத்திப் பேராசிரியர் ஒருவரின் பெயரைப் பார்த்திருப்பீர்கள். அந்த வருஷத்துப் பரிசு பதினோரு நாள் என்னுடையதாக இருந்தது. பலகையில் எழுதுவதற்குள் போய்விட்டது.

இந்த வருஷம் உங்களில் ஒருவருக்கு அதே பரிசு வந்திருக்கிறது. ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். வாழ்த்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அந்தப் பதினோரு நாளைச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. விருதுநகருக்குப் பக்கத்தில் பருத்தியும் மிளகாயும் போடுகிற குடும்பம். எங்கள் ஊரில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியிலிருந்து ஆய்வகத்துக்குக் கடிதம் வந்தது. கம்பி மத்தாப்புக்கான மருந்தைத் தண்ணீர் விட்டுக் கூழாகக் கலந்து, அதில் கம்பிகளை முக்கி எடுப்பார்கள். கலந்து வைத்த கூழ் சில சமயம் தானாகவே சூடேறுகிறது, இரண்டு முறை பற்றிக்கொண்டது, ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் பிரிவின் தலைவர் அந்தக் கடிதத்தை என் மேஜையில் வைத்தார். "உங்க ஊர்ப் பக்கம்தானே? பாருங்க" என்றார்.

விஷயம் நமக்குத் தெரிந்ததுதான். அலுமினியப் பொடியின் மேல் மெல்லிய தோல் போல ஒரு படலம் இருக்கிறது. ஈரத்தோடு காரம் சேர்ந்தால் அந்தத் தோல் கரைந்துவிடும். உள்ளே இருக்கும் உலோகம் அரிக்கத் தொடங்கும். அரிக்கும்போது சூடு வரும், அம்மோனியா நெடி வரும். பாலமும் குழாயும் அரித்துப்போவதற்கு வருஷக்கணக்கு ஆகும். இங்கே அதே காரியம் ஒரு காலைப் பொழுதுக்குள் நடந்துவிடுகிறது. கேரம் பலகையில் தூவுவோமே, அந்தப் போரிக் பவுடரைக் கொஞ்சம் கலந்தால் காரம் அடங்கி, படலம் நிற்கும் என்று நான் கண்டுபிடித்தேன். ஆய்வகத்தில் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தேன். ஒரு குடுவைகூடச் சூடாகவில்லை.

பிறகு சிவகாசிக்குப் போய் அந்தக் கம்பெனியிலேயே வாளி வாளியாகக் கலந்து பார்த்தேன். மருந்து கலக்குவதில் கைதேர்ந்தவர் என்று பேச்சியம்மாள் என்பவரை எனக்குத் துணைக்குக் கொடுத்திருந்தார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். ஆறு நாளில் பதினேழு வாளி கலந்தோம். பதினேழும் காலையில் வைத்தது வைத்தபடி சாயங்காலம் வரை குளிர்ந்தே கிடந்தன.

ஏழாம் நாள் காலையில் பதினெட்டாவது வாளி. அன்று மத்தியானம் கிளம்புவதாக இருந்தேன். ஷெட்டின் வாசலில் உட்கார்ந்து அட்டவணையைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் வந்து நின்றார்.

"அய்யா, வாளி சுடுது."

"பத்து நிமிஷம் முந்திதானே அளந்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

"மூத்திர நெடி அடிக்குதுய்யா. கண்ணு எரியுது. ஒருக்கா வந்து தொட்டுப் பாருங்களேன்."

எனக்கும் அந்த நெடி வந்துகொண்டுதான் இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மாட்டுத் தொழுவம் இருந்தது. அந்த வாடை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மோனியா எப்படி இருக்கும் என்று பரீட்சை எழுதித் தேறியவன் நான். "இந்தப் பக்கத்தை முடிச்சிட்டு வாரேன், போங்க" என்றேன்.

அவர் போனார். உள்ளே இன்னும் ஐந்து பெண்கள் இருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெட்டவெளிக்கு ஓடியிருக்கிறார். மணலில் இறக்கி வைத்துக் கையை எடுப்பதற்குள் அது பற்றிக்கொண்டது. நான் வெளிச்சத்தைத்தான் முதலில் பார்த்தேன். வெள்ளை வெளிச்சம். அப்புறம்தான் அவர் அலறியது கேட்டது.

வலது கை மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தார். விரல்கள் மடங்கியபடியே ஒட்டிக்கொண்டன. நான் ஒரு தரம் போய்ப் பார்த்தேன், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். தூங்குகிறார் என்று வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆய்வகத்துக்கு வந்ததும் அந்த வாளியை மறுபடி செய்து பார்த்தேன். அதே பொடி, அதே அளவு. சூடாகவே இல்லை. நாலு தரம் பார்த்தேன். நாலு தரமும் இல்லை. அப்படியானால் அன்று யாரோ தப்பாகக் கலந்துவிட்டார்கள், அது என் முறையே அல்ல என்று முடிவு கட்டினேன். பரிசுக்குக் கட்டுரை அனுப்பக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பதினேழு வாளிகளின் கணக்கோடு கட்டுரையை எழுதி, தலைவரிடம் கையெழுத்துக்கு வைத்தேன். அவர் பிரிவில் ஒன்பது பேர் இருந்தோம். எங்கள் எழுத்தை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். போட்டார்.

பொய்யாக ஒரு எண்ணைக்கூட நான் எழுதவில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுரையில் இருந்தது எல்லாம் நிஜம்.

பரிசு எனக்குத்தான் என்று கடிதம் வந்தது. ஒரு தமிழ்ச் செய்தித்தாளில் என் படத்தைப் போட்டு, 'பட்டாசுத் தொழிலில் இனி ஆபத்து இல்லை' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். என் அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். ஊரில் போகிற வருகிறவர்கள் எல்லாம் அவரிடம் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

எட்டாவது நாள் சனிக்கிழமை. சாத்தூரிலிருந்து ஒரு கம்பெனி முதலாளி எழுதிய கடிதம் வந்தது. வாழ்த்துத்தான். கடைசிப் பத்தியில், 'இதுநாள் வரை கூழை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்க விடமாட்டோம். இனி பயமில்லை என்பதால் திங்கட்கிழமை முதல் ஒரு நாளைக்கு வேண்டியதைக் காலையிலேயே ஒரே ஷெட்டில் ஆறு பெரிய தொட்டிகளில் கலந்துவிட ஏற்பாடு செய்திருக்கிறோம். தாங்கள் நேரில் வந்து தொடங்கி வைத்தால் சந்தோஷம்' என்று இருந்தது.

இரண்டு தரம் படித்தேன். வாளியில் இருந்தால் சூடு நாலு பக்கமும் வெளியே போகும். தொட்டியில் அது உள்ளுக்குள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். எனக்குக் காரணம் தெரியாத பதினெட்டாவது வாளி, ஆறு தொட்டியாக ஒரே கூரைக்குக் கீழே நிற்கப்போகிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதுல பயப்பட என்ன இருக்கு?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தனை வாளி கலந்தீங்க?"

"பதினெட்டு."

"எத்தனை எழுதினீங்க?"

"பதினேழு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இப்பவே தந்தி குடுங்க. தந்தியை நம்பி இருக்காதீங்க. திங்கட்கிழமை அவங்க கலக்குறதுக்கு முந்தி நீங்க அங்க நிக்கணும். பரிசைப் பத்தி வந்து பேசிக்கலாம்" என்றார்.

தந்தி கொடுத்தேன். ஞாயிறு காலையில் பஸ் ஏறி மத்தியானம் சாத்தூரில் இறங்கினேன். கம்பெனி பூட்டியிருந்தது. முதலாளி கோவில்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், திங்கள் காலையில்தான் வருவார் என்று காவல்காரர் சொன்னார். கலக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள் என்றேன். "நான் சொன்னா யாரு கேப்பாக? காலையில நீங்களே வந்து சொல்லிருங்க" என்றார் அவர்.

யோசித்துப் பார்த்தேன். காலையில் நான் வந்து வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். எனக்கே ஏன் என்று தெரியாது. அன்று அந்த வாளிப் பக்கத்தில் இருந்தவர் ஒருவர்தான். சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டத்துக்கு வண்டி பிடித்தேன். பேச்சியம்மாளின் வீடு அங்கேதான்.

அவர் வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். வலது முழங்கையால் பெட்டியை அமுக்கிப் பிடித்து, இடது கையால் ஒட்டினார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அய்யா, நல்லாயிருக்கீகளா?" என்றார்.

உட்கார்ந்து, அன்று என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். யார் கலந்தது?

"நான்தான். எப்பவும் போலத்தான் கலந்தேன்."

பொடி?

"அதே பொடிதான்."

எதுவுமே மாறவில்லையா என்றேன். அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார்.

"தண்ணிதான் மாறிச்சு. ஆறு நாளும் ஊருணித் தண்ணிய ஊத்துனோம். அன்னைக்கு ஊருணி கலங்கலாக் கெடந்துச்சுன்னு தோட்டத்துக் கெணத்துல மோந்தோம். அது சவருத் தண்ணி. துணிக்குச் சோப்புப் போட்டாக்கூட நுரைக்காது."

கிணற்று நீரில் இருக்கும் காரம். நான் போட்ட போரிக் பவுடரை அதுவே தின்று தீர்த்திருக்கும். ஆய்வகத்தில் நாலு தரம் செய்து பார்த்தபோதும் நான் ஊற்றியது காய்ச்சி வடித்த நீர்.

"இதை ஏம்மா யாருகிட்டயும் சொல்லலை?"

"யாரும் கேக்கலியே அய்யா."

சாத்தூர் விஷயத்தைச் சொன்னேன். அங்கே என்ன தண்ணீர் என்று கேட்டார். கம்பெனி வளாகத்திலேயே கிணறு இருந்ததைப் பார்த்தேன் என்றேன். அவர் பெட்டிகளை ஒதுக்கி வைத்தார். "காலையில மொத பஸ்ஸுக்கு வாரேன். அவுகளுக்கு நீங்க சொன்னாப் புரியாது" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. கரிசல் காட்டில் தண்ணீர் தேடிக் கொண்டுவந்து ஊற்றிக் கிளப்புவதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. நாங்கள் கம்பெனிக்குள் நுழைந்தபோது எட்டரை மணி. எட்டு மணிக்கே ஆறு தொட்டியும் கலந்துவிட்டார்கள்.

முதலாளி கல்யாண வீட்டிலிருந்து அப்போதுதான் வந்திறங்கியிருந்தார். என் தந்தி பிரிக்கப்படாமல் அவர் மேஜையில் கிடந்தது. நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க, வாங்க! மாலை வாங்கி வச்சிருக்கேன். காபி சாப்பிடுறீகளா?" என்றார்.

"எல்லாரையும் உடனே வெளியே வரச் சொல்லுங்க. அந்த மருந்து சூடேறும்."

அவருக்குப் புரியவில்லை. "என்ன சொல்றீக? அதான் உங்க முறைப்படி பவுடர் போட்டிருக்கே?"

"கிணத்துத் தண்ணியில என் முறை நிக்காது."

"பேப்பர்ல படம் போட்டு வந்திருக்கு. பரிசு குடுத்திருக்காக. அதுல இப்படி ஒண்ணும் போடலியே?"

சுற்றிலும் மேனேஜரும் கணக்கரும் நாலைந்து வேலையாட்களும் நின்றார்கள். "போடலை. சிவகாசியில ஒரு வாளி பத்திக்கிச்சு. ஒரு அம்மாவுக்குக் கை போச்சு. அதை நான் எழுதலை. மறைச்சிட்டேன்" என்றேன்.

முதலாளி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் ஷெட் பக்கம் பேச்சுக்குரல் கேட்டது. திரும்பினோம்.

பேச்சியம்மாள் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. நேரே ஷெட்டுக்குள் போய், ஒவ்வொரு தொட்டியின் விளிம்பிலும் இடது புறங்கையை வைத்துப் பார்த்திருக்கிறார். நான்காவது தொட்டியில் நிறுத்தினாராம். பிறகு முந்தானைக்குள் வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்து அங்கே வேலை செய்த பெண்களுக்குக் காட்டி, "எந்திரிங்கத்தா. ஒண்ணையும் எடுக்காதீக. நான் எடுத்தேன், அதான் இது" என்றாராம். நாங்கள் திரும்பியபோது பெண்கள் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முப்பத்துநாலு பேர். ஒருத்தி கையில்கூட மத்தாப்புக் கம்பி செருகிய சட்டம் இல்லை.

நூறு கெஜத்துக்கு அப்பால் வேப்பமரங்களுக்குக் கீழே எல்லாரும் நின்றோம். மேனேஜர் பெயர் பெயராகக் கூப்பிட்டு எண்ணினார். ஒரு பெரியவர், "தொட்டியை மட்டும் வெளிய இழுத்துப் போட்டா ஷெட்டாவது மிஞ்சும், நான் போறேன் முதலாளி" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"யாரும் போகக் கூடாது" என்றேன்.

ஒன்பது மணி. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்பதரை. பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி கூலி உண்டா இல்லையா என்று கேட்டாள். முதலாளி இரண்டு தரம் என் பக்கத்தில் வந்து, "ஒரு ஆள் மட்டும் போய் எட்டிப் பாத்துட்டு வரட்டுமே?" என்றார். வேண்டாம் என்றேன். மூன்றாவது தரம் அவர் கேட்கவில்லை, வெறுப்போடு பார்த்தார். ஒருவேளை ஒன்றும் நடக்காதோ என்று எனக்குள் தோன்ற ஆரம்பித்தது. கூசிக்கொண்டே இதையும் சொல்கிறேன்: தீப்பிடித்துவிட வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் அந்தப் பெண்களை நானும் ஒரு தரம் எண்ணிப் பார்த்தேன். பேச்சியம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். "மூணு, நாலு ரெண்டும் சுட்டுச்சுய்யா. நீங்க அசையாதீக" என்று மட்டும் சொன்னார்.

ஒன்பதே முக்காலுக்கு ஓட்டு இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. பிறகு அதே வெளிச்சம். கூரை எழும்பி உட்கார்ந்தது. தெற்குச் சுவர் விழுந்தது. பெண்களில் சிலர் வாய்விட்டு அழுதார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

முதலாளி வெகுநேரம் கழித்து என்னிடம் வந்தார். "நேத்தே கதவை உடைச்சாவது உள்ள போயி அந்தப் பொடியைக் கொட்டியிருக்கணும் நீங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் சொன்னது சரி.

பதினோராம் நாள் ஆய்வகத்துக்குத் திரும்பிப் பரிசுக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். தலைவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, கீழே தன் கையால் இரண்டு வரி சேர்த்தார்: 'எத்தனை சோதனை நடந்தது என்று கேட்காமல் நான் கையெழுத்திட்டேன். இந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு.' வேண்டாம் சார் என்றேன். "நீங்க எழுதினது உங்களுக்கு. இது எனக்கு" என்றார். அடுத்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பரிசு ரத்தாகி வேறொருவருக்குப் போயிற்று. அப்பா கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றச் சம்மதிக்கவில்லை. நான் போய்க் கழற்றினேன். அதன்பின் இரண்டு வருஷம் சாத்தூர், சிவகாசி, விருதுநகர் பக்கத்துக் கிணறுகளிலும் ஊருணிகளிலும் தண்ணீர் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பவுடர் வேண்டும், எந்தத் தண்ணீரைத் தொடவே கூடாது என்று வேலை செய்தேன். சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பெரிய எழுத்தில் நோட்டீஸ் அடித்துக் கம்பெனி கம்பெனியாக ஒட்டினோம். 'நெடி வந்தால், தொட்டி சுட்டால், எதையும் எடுக்காமல் வெளியே வா' என்பது முதல் வரி. அதைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று எங்கள் அறிக்கையில் பெயர் போட்டு எழுதினேன்.

அறிக்கை அச்சானதும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஆனைக்குட்டம் போனேன். பேச்சியம்மாளுக்குப் படிக்க வராது. அவர் பெயர் இருந்த இடத்தைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். பரிசு என்னாயிற்று என்று கேட்டார். போய்விட்டது என்றேன். தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் லேபிள் ஒட்டினார்.

"அய்யா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க."

"அன்னைக்கு வாளி சுடுதுன்னு நான் வந்து சொன்னேன்ல. நீங்க ஏன் எந்திரிச்சு வந்து தொட்டுப் பாக்கலை?"

என்னிடம் தயாராகப் பல பதில்கள் இருந்தன. பத்து நிமிஷம் முன்னால் அளந்தது, அட்டவணை, மத்தியான பஸ். அவை எல்லாம் நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டவைதான். அவற்றை ஒதுக்கிவைத்தேன்.

"நீங்க சொல்லி நான் வந்து பாக்குறதான்னு இருந்துட்டேன் பேச்சியம்மா" என்றேன்.

அவர் அடுத்த பெட்டியை எடுத்து முழங்கைக்குக் கீழே வைத்தார்.

"அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.